வண்டூரில் ஒரு கிஷ்கிந்தை ராணி

வைஜெயந்தியின் வேலை அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பது. அந்தமானில் வண்டூர் ஜெட்டியிலிருந்து டூரிஸ்ட் போட்டுகள் காலையில் தீவுக்குக் கிளம்பும். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் பையை மேசைமேல் வைத்துத் திறந்து காட்ட வேண்டும். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஈரத் துணி சுற்றிய கேரி பேக் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் கடலுக்குப் பிளாஸ்டிக் போகக் கூடாது. "பிளாஸ்டிக் நஹீ சலேகா" என்ற ஒரே இந்தி வாக்கியத்தைப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முறைப்பவனுக்கும் கெஞ்சுபவளுக்கும் அதே குரல்தான்.

ஒருமுறை ஒரு பெரியவரின் பையில் அவர் மனைவியின் அஸ்தி இருந்தது. பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வைஜெயந்தி கவரைப் பிரித்து, சாம்பலைச் செய்தித்தாளில் சிந்தாமல் மடித்துக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் அடுத்த பையைத் திறந்தாள். அன்று முதல் ஜெட்டியில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். பெயர் வைப்பதற்கென்ன, ஊரில் ஆளா இல்லை? கல் என்றால் கனமாவது தெரிந்திருக்கும். அவளுக்கு அதுவும் தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்த காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது அவளுக்கு, வருஷக்கணக்காக.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முத்துகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கியபோது அவளுக்கு இருபது வயது. அவன் கொத்தனார். காண்ட்ராக்டர் எந்தத் தீவுக்கு அனுப்பினாலும் போவான். மூன்று வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் தெற்கே ஒரு தீவில் பள்ளிக்கூடச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். சுனாமிக்குப் பிறகு அந்தச் சுவரும் இல்லை, அவனும் இல்லை. அவன் தம்பி நந்தகுமார் நிவாரணக் கப்பலில் தொற்றிக்கொண்டு போனான். பதினேழு நாள் தேடிவிட்டுத் திரும்பி வந்து, காலில் சேறோடு வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, அங்க யாருமே இல்ல" என்றான்.

உடம்பு கிடைக்கவில்லை. இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை உதயா. பொட்டு வைக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாததால் வைஜெயந்தி இரண்டு வருஷம் வைத்தும் வைக்காமலும் இருந்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாமியார் பொன்னம்மா நாலு பெரிய மனிதர்களை வீட்டுக்கு அழைத்தாள். கூடத்தில் பேச்சு நடந்தது. வைஜெயந்தி அடுக்களையில் சூரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு துணிதான் தொங்கியது, எல்லாம் கேட்டது. பிள்ளை அந்நிய வீட்டுக்குப் போகக் கூடாது, வயசுப் பெண் தனியாக இருக்கக் கூடாது, நந்தகுமாருக்கும் ஒரு வாழ்க்கை ஆக வேண்டும், அதனால் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம் என்றார்கள். பேசி முடித்துவிட்டுத் துணியை விலக்கி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "சோறு ஆச்சா?"

ஆகியிருந்தது. பரிமாறினாள்.

நந்தகுமார் அவளைவிட இரண்டு வயது இளையவன். போர்ட் பிளேரில், மரைன் ஹில் பக்கம் அவனுக்குப் பிடித்த பெண் ஒருத்தி இருந்தாள். இது பொன்னம்மாவுக்குத் தெரியாது, வைஜெயந்திக்குத் தெரியும். அவனேதான் சொல்லியிருந்தான். "அண்ணி, அம்மாட்ட நீங்கதான் மெதுவா எடுத்துச் சொல்லணும்" என்று கெஞ்சியிருந்தான். சொல்லலாம் என்று இருந்தாள், அதற்குள் கடல் வந்துவிட்டது. முருகன் கோயிலில் ஆறு பேர் முன்னால் அவன் தாலி கட்டினான். கட்டும்போது அவன் விரல்கள் அவள் கழுத்தில் படாமல் இருக்கப் பட்ட பாட்டை அவள் மட்டும்தான் கவனித்தாள்.

அன்றோடு ஒரு காரியம் நின்றுபோனது. கூப்பிடுவது. அண்ணி என்று இனி சொல்ல முடியாது. பெயர் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளும் அதுவரை அவனை வாய் நிறையத் தம்பி என்று அழைத்தவள். இப்போது 'என்னங்க' என்று ஆரம்பித்தால் தொண்டையில் நின்றது. அவன் குளியலறையில் இருந்துகொண்டு "துண்டு வேணும்" என்று பொதுவாகச் சொல்வான். இவள் சாப்பாடு தயாரானதும் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். ஊரில் யாராவது "வீட்ல இருக்காரா?" என்று கேட்டால் "போட்டுக்குப் போயாச்சு" என்பாள். நந்தகுமார் டூரிஸ்ட் போட்டில் இஞ்சின் டிரைவர். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், உதயாவைத் தோளிலேயே வளர்த்தான். குறை சொல்ல எதுவும் இல்லாத மனுஷனோடு என்ன சண்டை போடுவது? ராத்திரி குழந்தை நடுவில் படுக்கும். குழந்தை வளர்ந்து தன் அறைக்குப் போன பிறகும் நடுவில் அந்த இடம் அப்படியே இருந்தது. பத்தொன்பது வருஷம் இப்படி ஓடியது. ஊரார் குழந்தை வரம் கேட்டு மேன்லேண்டில் எந்தெந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் கொடுத்துப் பார்த்து ஓய்ந்தார்கள்.

உதயாவுக்கு விஷயம் எல்லாம் தெரியும். பள்ளிப் படிவத்தில் தகப்பன் பெயர் முத்துகிருஷ்ணன் என்று எழுதிவிட்டு, வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருக்கும் நந்தகுமாரை அப்பா என்று கூப்பிட்ட பெண் அவள். இப்போது போர்ட் பிளேரில் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். காவியங்களைப் பெண்கள் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்லும் எழுத்துகளாகத் தேடித் தேடிப் படிப்பாள். படித்ததும் சூடு ஏறிவிடும். காட்டுக்குப் போனவனின் மனைவி, சாபத்தில் கல்லானவள், தீயில் இறங்கச் சொல்லப்பட்டவள் என்று ஒவ்வொருத்திக்காகவும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வழக்காடுவாள். நந்தகுமார் எல்லாவற்றுக்கும் "அச்சா" என்று சொல்லிக்கொண்டே மீன் முள்ளைப் பிரிப்பான்.

வண்டூர் பெண்கள் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு உதயாவிடம் நாடகம் கேட்டார்கள். அவள் கிஷ்கிந்தைக் கதையை எடுத்தாள். வானர அரசனை அவன் தம்பியின் பேச்சைக் கேட்டு மரத்தின் பின்னால் நின்று அம்பு எய்து கொல்கிறார்கள். அரியணை தம்பிக்குப் போகிறது. செத்தவனின் ராணி?

"ஒரு கவி அவளத் தம்பிக்காரனுக்குக் குடுத்துட்டாரும்மா" என்று உதயா விளக்கினாள். "இன்னொரு கவி, ஐயோ பாவம்னு தாலிய எடுத்துட்டு ஒரு மூலைல உக்கார வெச்சிட்டாரு. ரெண்டு பேருமே அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. நான் அவளப் பேச வெக்கப் போறேன்."

வைஜெயந்தி "ம்" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஒத்திகை அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. ராணி வேஷம் மர்ஜானாவுக்கு. உதயாவோடு படித்தவள், கணீரென்ற குரல். தம்பி வேஷத்தில் பால் சொசைட்டி சின்னம்மா, இடுப்பில் வேட்டியும் கையில் அட்டைக் கதாயுதமுமாக. கடைசிக் காட்சியில் தம்பி கை நீட்டி, "ராணியே, என்னோடு வா" என்பான். ராணி நிமிர்ந்து நின்று சொல்வாள்: "அண்ணனைக் கொன்று அரியணை ஏறியவனே, உன்னோடு வர எனக்குச் சம்மதமில்லை. ஒருவன் எழுந்ததும் இன்னொருவன் உட்கார நான் நாற்காலி அல்ல." நாற்காலி என்ற இடத்தில் ஒத்திகையிலேயே கைதட்டல் விழும். கொஞ்சம் தள்ளி நந்தகுமார் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு இஞ்சினைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் எல்லோருக்கும் டீ கொடுக்கும்போது வைஜெயந்தி கேட்டாள். "அவ போயிருந்தான்னா, அவன என்னன்னு கூப்பிட்டிருப்பா?"

"எவன?"

"அந்தத் தம்பிய."

உதயா யோசித்தாள். "ராஜான்னு கூப்பிட்டிருப்பா. ஏம்மா?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விழா திங்கட்கிழமை. அன்று தீவுக்குப் போட் கிடையாது, ஜெட்டிக்கு விடுமுறை. மர்ஜானா ஒரு கல்யாணத்துக்காக லிட்டில் அந்தமான் போயிருந்தாள், ஞாயிறு மாலைக் கப்பலில் வர வேண்டியது. கடல் சரியில்லை என்று கப்பல் கேன்சல். இந்தத் தீவுகளில் பாதிக் காரியம் இப்படித்தான் கெடும், யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. உதயா போனை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, நீ நடி."

"பைத்தியமா உனக்கு."

"உனக்கு எல்லா வசனமும் மனப்பாடம். நீ வாய்க்குள்ள சொல்றத நான் பாத்திருக்கேன்."

அது உண்மைதான். வைஜெயந்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதயா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்காகத்தாம்மா அத எழுதினேன். நீ சொல்லாம விட்டத."

"அப்பா முன்வரிசைல உக்காந்திருப்பார்."

"இருக்கட்டும்."

"ஊரே இருக்கும் உதயா. நம்ம கத தெரியாதவங்க இங்க யாரு?"

"தெரிஞ்ச கததானே. பத்தொம்பது வருஷம் வாயத் தொறக்கல, ஒரு நாள் தொறந்தா என்ன?" பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மாவின் கண்ணில் ஒன்றுமில்லை. சொன்னால் அந்த மனுஷனை ஊர் முன்னால் கொலைகாரனாக நிறுத்த வேண்டும். சொல்லாவிட்டால் பெண் தனக்காகச் செய்த ஒரே காரியத்தைத் தானே கெடுக்க வேண்டும். எது வலிக்கும் என்று உள்ளே தடவிப் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திங்கள் மதியம் சிவப்புப் பட்டு கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது நந்தகுமார் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"உதயா எழுதினத அப்படியே சொல்லிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மன்றத்துக் கூடத்தில் ஃபேன் சத்தமும் குழந்தைகள் சத்தமும் மைக்கை மீறிக்கொண்டிருந்தன. பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும்கூட வந்திருந்தார்கள், கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. வைஜெயந்தி மேடைக்கு வந்ததும் முதலில் சிரிப்பு எழுந்தது. ஜெட்டியில் பையைக் கிளறுகிறவள் ராணியா என்று. அவள் பேச ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. செத்துக் கிடக்கும் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுந்திரு, தரை குளிர்கிறது" என்ற வசனத்தை அவள் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள். மர்ஜானா அந்த இடத்தில் கதறுவாள். இவளுடைய அந்த வெறுங்குரலுக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிரமாதமாக நடிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். என்ன நடிப்பு? வீட்டிலும் அவள் அப்படித்தான் பேசுவாள்.

கடைசிக் காட்சி வந்தது. சின்னம்மா கதாயுதத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கை நீட்டினாள். "ராணியே, என்னோடு வா."

வைஜெயந்தி நிமிர்ந்தாள். பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் உதயா நாடகத்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவுக்கு முன்பே உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் நந்தகுமார் தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டையும் ஒடுக்கி, அடி விழட்டும் என்று காத்திருப்பவன் மாதிரி. கூடத்தில் பாதிப் பேர் நாடகத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணனைக் கொன்று" என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள். இவன் யாரையும் கொல்லவில்லை. பதினேழு நாள் சேற்றில் தேடினான். மரைன் ஹில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கோயிலுக்கு வந்து நின்றான். நாற்காலியை யாரும் கேட்கவில்லை, சரி. அதில் பிடித்து உட்கார வைக்கப்பட்டவனை மட்டும் யார் கேட்டார்கள்? இது அவளுக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். ஆனால் தெரிந்தது உறைத்தது அந்த நிமிஷத்தில்தான். மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அது நெஞ்சில் குத்தியது. நன்றாகவே வலித்தது.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

சின்னம்மா விழித்தாள். நாடகத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. வைஜெயந்தி அவளைப் பார்க்கவும் இல்லை.

"தம்பி, என்னை யாரும் கேக்கல. உன்னையும் யாரும் கேக்கலயே. அடுக்களைல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். உனக்காகவாவது நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல."

நந்தகுமார் தலையைத் தூக்கினான். சின்னம்மா நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாக மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டாள். யாரோ புத்திசாலித்தனமாகத் திரையை இழுத்துவிட்டார்கள். கைதட்டல் வந்தது, விட்டுவிட்டு, எங்கே தட்டுவதென்று தெரியாத கைதட்டல்.

உதயா திரைக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்தாள். முகம் சிவந்திருந்தது. "என்னம்மா பண்ணின? அவன அப்படியே தப்பிக்க விட்டுட்ட."

"எவன?"

உதயா வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வரவில்லை. வைஜெயந்தி அவள் கன்னத்தைத் தொட்டாள். "நீ எழுதினது தப்பில்லம்மா. அந்த ராணி சொல்லியிருப்பா. எனக்குச் சொல்ல வேண்டியது வேற இருந்துச்சு."

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நந்தகுமார் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். அவன் சாவியைப் போட்டான், எடுத்தான். மறுபடி போட்டான். அப்புறம் நேராக அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிப் பார்த்து அவளுக்கு நினைவில்லை.

"அண்ணி."

"சொல்லு தம்பி."

"அன்னிக்கு நானாவது கேட்டிருக்கணும்." செருமிக்கொண்டான். "இப்பக் கேக்குறேன். எங்கூட இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

நாற்பத்துநாலு வயதில் வைஜெயந்தியிடம் முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். உடனே சரி என்று சொல்லிவிடலாம். பழக்கம் அப்படித்தான் நாக்கை இழுத்தது. அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

நந்தகுமார் தலையாட்டினான். "டீக் ஹை, சரி. அவசரமில்ல." கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான். "அதுவரைக்கும் வீட்டுக்குப் போகலாமா அண்ணி?"

அவள் அதையும் யோசித்தாள்.

"போகலாம்" என்றாள்.